மேட்டுப் பாதைக்கு ஒரு டிப்பர்

மேல் வீடு
ஜூலை 8

ஒன்னிக்கு,

உன் மனைவி சட்டம் போட்டுவிட்டாள், கட்டுப்படுகிறேன். ஆனால் அது நியாயமான சட்டம் இல்லை என்பதை முதல் கடிதத்திலேயே எழுதி வைக்கிறேன். பாதையைப் பற்றியும் வீட்டை விற்பதைப் பற்றியும் நாம் இருவரும் வாயால் பேசக் கூடாதாம். பேசினால் கத்துகிறோமாம். கத்தினால் அவள் நெஞ்சுக்கு ஆகாதாம். "ரெண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியும்ல? எழுதிக்குங்க. எழுத்துல எவ்வளவு வேணா கத்துங்க, எனக்குக் கேக்காது" என்று உன் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னாள் சைமி. உன்னைப் பார்த்து ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.

எழுபத்தாறு வயதில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிற தம்பிக்குக் கடிதம் எழுதும்படி ஆயிற்று. இதை உன் தபால் பெட்டியில் வைக்கப் போனால் தபால்காரி வண்டியை நிறுத்தித் திட்டுகிறாள். "உர்ஹோ, ஸ்டாம்பு ஒட்டாததைப் பெட்டிக்குள்ள வெச்சா எனக்குத்தான் வம்பு. எடுங்க அதை." ஆகவே உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் பாதை பிரிகிற இடத்தில் பிர்ச் மரத்தில் ஒரு காப்பி டின்னை ஆணி வைத்து அடித்திருக்கிறேன். மூடி உண்டு. தினமும் தபால் வண்டி போன பிறகு போய்த் திறந்து பார்ப்பேன். நீயும் அப்படியே செய்.

நடந்ததை ஒரு முறை வரிசையாக எழுதுகிறேன், நீ பிறகு மாற்றிச் சொல்லாமல் இருக்க. மார்ச் மாதம் பனி ஒரேயடியாக உருகியது. பாதைக்கு அடியில் தண்ணீர் போகிற குழாய் அடைத்துக்கொண்டு, ஓடை மேலே ஏறி வந்து வளைவில் பாதிப் பாதையைத் தின்றுவிட்டது. அந்த வாரமே சைமிக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்ஸ் அடிவாரத்தில் நின்றுவிட்டது. நீயும் நானும் அவளைக் கம்பளியில் சுற்றி, ஏரியில் மீன் பிடிக்கப் போகும்போது இழுத்துப் போகிற சறுக்குப் பலகையில் படுக்க வைத்துக் கீழே இறக்கினோம். "என்னை மீனுன்னு நெனச்சுக் குடலை எடுத்துடாதீங்கய்யா" என்றாள். உன் முகம் அப்போது இருந்த இருப்பை நான் மறக்கவில்லை.

அவள் பிழைத்து வந்தாள். அதிலிருந்து நீ எடுத்த முடிவு என்ன? ஹான்காக் ஊருக்குள் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் ஓர் அறை. மேலாளர் செப்டம்பர் முடிய உனக்காக நிறுத்தி வைத்திருக்கிறாராம். அப்பா வெட்டிய மரத்தில் அப்பா கட்டிய வீட்டை விற்றுவிட்டு, ஜன்னலைத் திறந்தால் கார் நிற்கிற இடம் தெரிகிற ஒரு பெட்டிக்குள் போகப் போகிறாய்.

நான் எடுத்த முடிவு பாதையை நிரப்புவது. புதுக் குழாய் போன வாரம் போட்டாயிற்று. ஜல்லி லாரியை மரப்பாலம் தாங்காது, ஆம்புலன்ஸைத் தாங்கும். லாரிக்காரனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அடிவாரத்திலேயே கொட்டச் சொல்லிவிட்டேன். அங்கிருந்து என் நாலு சக்கர பைக்கில் இழுத்து வர வேண்டும். அதற்கு ஒரு குட்டி டிப்பர் வேண்டும். செய்யப் போகிறேன். உன்னிடம் உதவி கேட்கவில்லை.

உர்ஹோ


கீழ் வீடு
ஜூலை 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் டின்னில் கிடைத்தது. சைமி சுகம். உங்கள் கையெழுத்தைப் பார்த்து, "இதுலயே கத்தறது கேக்குதே" என்று சிரித்தாள்.

வீட்டை விற்க எனக்கு ஆசை என்று நினைக்கிறீர்களா? அவள் இருமினால் எனக்கு அவள் நினைவு வருவதில்லை, வளைவில் இருக்கிற அந்தப் பள்ளம்தான் நினைவுக்கு வருகிறது. பள்ளத்துக்குப் பயந்து பனி தள்ளும் வண்டிக்காரரும் இந்த வருஷம் மேலே வர மாட்டேன் என்கிறார். குளிர்காலத்தில் மறுபடி வலி வந்தால் நாம் இருவர்தான். அப்போது உங்களுக்கு எழுபத்தேழு, எனக்கு எழுபத்து மூன்று. அந்தப் பலகையை இன்னொரு முறை இழுக்க என்னால் முடியாது. கை கால் வலுவுக்காகச் சொல்லவில்லை.

டிப்பர் விஷயம். கடையில் தயாராக விற்கிறார்கள், பைக்கில் மாட்டி இழுக்கிற மாதிரி. நீங்கள் வாங்க மாட்டீர்கள் என்று தெரியும். நாம் நீராவிக் குளியல் குளிக்கிற சவ்னாவுக்குப் பின்னால் கிடக்கிற பழைய எண்ணெய் டேங்கை நீங்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பதை ஜன்னல் வழியே பார்த்தேன். அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைத் தொட்டியாக வைக்கப் போகிறீர்கள், சரிதானே? அண்ணா, அறுப்பதற்கு முன் டேங்கை வாய் வரை தண்ணீர் நிரப்புங்கள். அடியில் தேங்கின எண்ணெயின் ஆவி ஒரு பொறிக்குப் போதும்.

சனிக்கிழமை வழக்கம்போல் சவ்னாவுக்கு வருகிறேன். உள்ளே இந்தப் பேச்சு வேண்டாம். சவ்னாவுக்குள் கோயிலில் இருக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று அப்பா சொன்னது சைமியின் சட்டத்துக்கும் முந்தின சட்டம்.

உங்கள் தம்பி
ஒன்னி


மேல் வீடு
ஜூலை 29

ஒன்னிக்கு,

டேங்கைத் தண்ணீர் நிரப்பித்தான் அறுத்தேன். நீ எழுதியதற்காக இல்லை. நீ பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்த காலத்திலேயே எனக்கு அது தெரியும். முதலில் தண்ணீர் உள்ளே இருக்கும்போதே மேல் பக்கத்தை அறுத்து, பிறகு வடித்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து மிச்சத்தை அறுத்தேன். வடித்த தண்ணீரின் நாற்றத்துக்கு முயல்கூட இந்தப் பக்கம் வரவில்லை. என் முள்ளங்கிக்கு நல்லதுதான்.

தொட்டி அழகாக வந்திருக்கிறது. வளைந்த அடி, மூலையே கிடையாது, ஜல்லி ஒட்டிக்கொள்ளாமல் ஒரே சரிவில் வழுக்கி இறங்கும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் தொட்டி இரண்டு குளிர்காலத்தில் பிஸ்கட் மாதிரி உடையும். அச்சும் சக்கரமும் பாதிரியாருடைய செத்துப்போன காரிலிருந்து கழற்றியது. "எடுத்துக்குங்க உர்ஹோ, அது என்னை வழியில நிறுத்தின ஒவ்வொரு தடவையும் நான் சொன்ன வார்த்தைகள் அந்த இரும்புல ஒட்டியிருக்கும், பாத்துப் பத்தவைங்க" என்றார். வண்டியின் அடிச்சட்டத்துக்கு நம் பழைய படகு டிரெய்லரின் இரும்பு. முன்னால் பைக்கில் மாட்டுகிற ஏர்க்காலும் அதிலிருந்தே.

கவிழ்க்கிற வித்தைதான் என் பெருமை. தொட்டிக்கு அடியில் ஒரு குழாய், அதற்குள் இன்னொரு குழாய். அதன் மேல் தொட்டி ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் சாயும். முன்னால் ஒரு கொண்டி. கயிற்றை இழுத்தால் கொண்டி விலகும், தொட்டி தானாகப் பின்னால் கவிழும். அச்சைச் சரியாக நடுவில் வைத்திருக்கிறேன். முன்பாரமும் இல்லை, பின்பாரமும் இல்லை. முழுச் சுமையையும் ஒரு விரலால் கவிழ்க்கலாம். எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததில்லை, யோசித்துச் செய்தது.

நேற்று சைமி ஏலக்காய் ரொட்டி கொண்டு வந்தாள். உன் காதுக்கு எட்டாத தூரம் என்பதால் பேசினோம்.

"என்ன பெரியவரே, தொட்டில் செய்யறீங்களா? இந்த வயசுல எந்தப் பிள்ளைக்கு?"

"உன் புருஷனுக்குத்தான். அழுதுக்கிட்டே ஊரை விட்டுப் போறேங்கறானே."

"அவர் அழலை. பயந்திருக்காரு. ரெண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது, நீங்க ரெண்டுமே செஞ்சதில்லை."

பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். உன் வீட்டில் எல்லோரும் நான் பதில் சொல்வதற்குள் போய்விடுகிறார்கள்.

உர்ஹோ


கீழ் வீடு
ஆகஸ்ட் 2, சனி

அன்புள்ள அண்ணாவுக்கு,

சவ்னாவிலிருந்து இப்போதுதான் வந்தேன், தலைகூடத் துவட்டவில்லை. டிப்பரைக் கதவருகே நிறுத்தியிருந்தீர்கள். நன்றாக இருக்கிறது. மனதாரச் சொல்கிறேன், வெல்டிங் ஒவ்வொன்றும் மீன் செதில் மாதிரி வரிசையாக விழுந்திருக்கிறது.

ஆனால் அச்சு நடுவில் இருப்பது ஆபத்து. உள்ளே நீங்கள் சூடான கல்லில் தண்ணீர் ஊற்ற, நான் பக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமதரையில் நீங்கள் சொல்வது சரி. நம் மேட்டில் என்ன ஆகும்? ஏறும்போது ஜல்லி பின்னுக்குச் சரியும். சரிந்தால் பின்பாரம். பின்னால் இறங்கினால் ஏர்க்கால் முன்னால் தூக்கும். தூக்கினால் பைக்கின் பின் சக்கரத்தை மண்ணிலிருந்து கிளப்பிவிடும். உங்கள் பைக்குக்கு இழுப்பதும் பின் சக்கரம், பிரேக் பிடிப்பதும் பின் சக்கரம்.

அச்சை ஒரு சாண் பின்னால் தள்ளுங்கள் அண்ணா. கொஞ்சம் முன்பாரம் இருக்கட்டும். கவிழ்க்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். அதுவரை ஒரு கூடை ஜல்லிகூட ஏற்ற வேண்டாம்.

இதை இப்போதே டின்னில் போடப் போகிறேன்.

ஒன்னி


மேல் வீடு
ஆகஸ்ட் 4

ஒன்னிக்கு,

நீ சைமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதைப் பார்த்தேன். கை அசைத்தேன், நீ பார்க்கவில்லை. நேற்று நடந்ததில் அவள் பங்கை அவள் சொல்லியிருப்பாள். என் பங்கை நான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மழை என்றார்கள். அதனால் ஞாயிறன்று, நீ கோயிலுக்குப் போன பிறகு, முதல் சுமையை ஏற்றினேன். உன் கடிதத்தை நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தபால் வண்டி வராது. வராத நாளில் டின்னைத் திறப்பது என் வழக்கம் இல்லை. இன்று காலைதான் எடுத்தேன். படித்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், ஆகவே அதைப் பற்றி நீ மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாலத்திலிருந்து வளைவு வரை வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வந்தது. வளைவில் மேடு செங்குத்தாகிறது அல்லவா, அங்கே பின்னால் ஜல்லி ஓடுகிற சத்தம் கேட்டது. உடனே என் இருக்கை மேலே எழும்பியது. பின் சக்கரம் காற்றில் சுற்றுகிறது. பிரேக்கைப் பிடித்தேன், பிடித்து என்ன. மொத்தமாகப் பின்னால் வழுக்க ஆரம்பித்தது. நான் பக்கத்திலிருந்த ராஸ்ப்பெரி முட்புதருக்குள் பாய்ந்தேன். டிப்பர் கரையில் இடித்து நின்றது. பைக் குறுக்கே திரும்பி ஒரு மரத்தில் சாய்ந்தது. கொண்டி விலகித் தொட்டி கவிழ்ந்து, பாதி ஜல்லி பள்ளத்துக்குள் போய் விழுந்தது. முதல் சுமை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்பதையும் குறித்துக்கொள்.

நான் முள்ளுக்குள் கிடக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சைமி. வீட்டுச் செருப்போடு மேட்டிலிருந்து இறங்கி ஓடி வருகிறாள், ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு.

"பெரியவரே! உசுரோட இருக்கீங்களா இல்லையா? சொல்லித் தொலைங்க!"

"இருக்கேன். நீ ஓடாதே! கத்தாதே! டாக்டர் கத்தக் கூடாதுன்னிருக்காரு."

"என்னைக் கத்தக் கூடாதுன்னு எந்த டாக்டர் சொன்னான்? உங்க ரெண்டு பேரையும்தான் கத்தக் கூடாதுன்னு நான் சொன்னேன். எங்க கையைக் காட்டுங்க. காலை ஆட்டுங்க. மத்தக் காலு!"

அப்புறம் என்னை வெளியே இழுத்து, ஒரு வாளியைக் கவிழ்த்து உட்காரவைத்தாள். எதிரே அவளும் உட்கார்ந்து, என் கையிலிருந்து முள் எடுக்க ஆரம்பித்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் முள்ளைப் பார்க்கவில்லை, அவள் உதட்டின் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ காரில் வந்து இறங்கியது அப்போதுதான். நீ எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. டின்னில் போட வேண்டாம். கதவுக்கு அடியில் தள்ளு. நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

உர்ஹோ


கீழ் வீடு
அதே நாள், மாலை

அண்ணாவுக்கு,

நெஞ்சில் ஒன்றுமில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். படம் எடுத்துப் பார்த்தார்கள். புது மாத்திரை நன்றாக வேலை செய்கிறதாம். "இவ்வளவு தூரம் ஓடி, இவ்வளவு கத்தின பிறகும் இப்படி இருக்குன்னா, எனக்கு உங்களைப் பத்திக் கவலை இல்லை" என்று டாக்டர் சிரித்தார். சைமி வரும் வழியில் ஐஸ்கிரீம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இனி நான் எழுதுவதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. சனிக்கிழமை மாலை அந்த அச்சைப் பார்த்துவிட்டேன். உங்கள் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். கோயில், சட்டம் என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மையும் காகிதமும் தேடி எழுதி, ஒரு டின்னுக்குள் போட்டேன். இந்த மலையில் நம்மைத் தவிர வேறு யாராவது இப்படிச் செய்வார்களா? காரிலிருந்து இறங்கும்போது அந்த வாளி, அந்த முள், அவள் செருப்பில் இருந்த மண், எல்லாவற்றையும் பார்த்தேன். இரண்டு பேரையும் ஒரே காலையில் இழந்திருப்பேன்.

மேலாளரிடம் போனில் பேசிவிட்டேன். செப்டம்பர் 15, திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன். பாதையை நீங்கள் நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும் சரி.

ஒன்னி


மேல் வீடு
ஆகஸ்ட் 15

ஒன்னிக்கு,

நெஞ்சில் ஒன்றுமில்லை என்ற காகிதத்தைச் சுவரில் குத்தி வைத்திருக்கிறேன். மிச்சத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

டிப்பரைப் பிரித்தேன். கரையில் இடித்ததில் ஒரு வெல்டிங் கோணிப்போய் அசிங்கமாக இருந்தது, அதனால். மறுபடி பற்றவைக்கும்போது அச்சு ஒரு சாண் பின்னால் போய் உட்கார்ந்தது. உன் கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அங்கேதான் நல்ல இரும்பு இருந்தது. இப்போது ஏர்க்காலைத் தூக்கினால் இடுப்பில் உறைக்கிற அளவு முன்பாரம் இருக்கிறது. ஒரு விரலால் கவிழ்த்ததைத் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. அழகான ஒரு யோசனையைப் பாழாக்கியாயிற்று. கொண்டிக்குக் குறுக்கே ஒரு முளையும் வைத்தேன், தானாக விலகாதபடி. பின்புறம் கழற்றி மாட்டுகிற ஒரு தடுப்புப் பலகையும். அது எதற்கு என்று கேட்காதே, வைத்தேன்.

திங்களிலிருந்து இழுக்கிறேன். முதலில் வெறும் வண்டி, பிறகு கால் சுமை, பிறகு அரைச் சுமை. பைக் மேட்டில் நாய் மாதிரி மண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. பள்ளத்தின் அடி மறைந்துவிட்டது. ஒவ்வொரு முறை நான் வளைவுக்கு வரும்போதும் உன் வீட்டு ஜன்னல் திரை அசைகிறது. என்னைப் பார்க்க வேண்டுமானால் வெளியே வந்து பார். திரையைப் பிடித்து இழுத்துக் கிழிக்காதே, அது சைமி தைத்தது.

உன் அண்ணன்
உர்ஹோ


கீழ் வீடு
ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

திரையை விட்டு நான் வெளியே வந்த இந்த இரண்டு வாரமாக நீங்கள் இழுத்து வந்து கொட்ட, நான் மண்வெட்டியால் பரப்ப, ஒருவரோடு ஒருவர் "இங்கே", "அங்கே", "போதும்" தவிர ஒன்றும் பேசவில்லை. நேற்று சைமி நாற்காலியை வளைவில் போட்டுக்கொண்டு, மடியில் இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டிகளைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, "ரெண்டு ஊமைங்க சேர்ந்து ரோடு போடற அழகைப் பாரு. கல்லு பேசுது, இவங்க பேசலை" என்றாளே, எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கும் வந்தது. தொப்பியைச் சரி செய்கிற மாதிரி மறைத்தீர்கள்.

அச்சைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

உண்மையை எழுதுகிறேன். பாதை நன்றாக வந்திருக்கிறது. என் கார் நேற்று வழுக்காமல் ஏறியது. ஆனால் பதினைந்தாம் தேதியை நான் இன்னும் மாற்றவில்லை. கார் வேறு, ஆம்புலன்ஸ் வேறு. அது உயரம், அகலம், எடை. வளைவில் திரும்புமா? புது ஜல்லி அமுங்குமா? "வரும், வராம எங்க போகும்" என்பீர்கள். மார்ச் மாதம்கூட நீங்கள் அப்படித்தான் சொன்னீர்கள், அது அடிவாரத்தில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றபோது. நீங்கள் சொன்னால் எனக்குப் போதாது அண்ணா. மன்னியுங்கள். எனக்குப் பார்க்க வேண்டும்.

உங்கள் தம்பி
ஒன்னி


மேல் வீடு
செப்டம்பர் 9

தம்பி ஒன்னிக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். என் சொல் போதாது என்று என்னிடம் யாரும் எழுதியதில்லை. பிறகு யோசித்தேன். டிப்பரின் ஏர்க்காலை நான் கையால் தூக்கிப் பார்த்த பிறகுதானே மாட்டுகிறேன்.

நேற்று ஊருக்குள் போனேன். ஆம்புலன்ஸ் நிற்கிற கொட்டகையில் அதை ஓட்டுகிற டோரீன் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். மார்ச்சில் அடிவாரத்தில் நின்றவள் அவள்தான். நான் யாரிடமும் எதையும் கேட்டுப் போகிறவன் இல்லை என்று ஊருக்கே தெரியும். என்னைப் பார்த்ததும் பம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"உர்ஹோ! யாருக்கு என்ன? சைமிக்கா? எங்க இருக்கா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லை."

"பின்ன?"

"சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கிட்டு எங்க மேட்டுக்கு வரணும்."

"சனிக்கிழமை யாருக்கு உடம்பு கெடப் போவுது?"

"யாருக்கும் கெடாது. அதனாலதான் இப்பவே கூப்பிடறேன்."

பாதையில் எவ்வளவு ஜல்லி போட்டோம், எப்படி அடுக்கு அடுக்காகத் திமிசு போட்டு இறுக்கினோம் என்றெல்லாம் சொன்னேன். தம்பிக்குக் கண்ணால் பார்க்க வேண்டுமாம் என்றும் சொன்னேன்.

"அன்னிக்கு அடிவாரத்துல அந்தப் பலகை இறங்கி வர்றதைப் பாத்துக்கிட்டு நின்னேன் பாருங்க" என்றாள். "கையில எல்லாம் இருந்தது. மேல போகத்தான் வழியில்லை. எனக்கும் பாக்கணும் உர்ஹோ. புதுப் பாதைன்னா ஓட்டிப் பாத்துக் குறிச்சு வெக்கறது எங்க வேலைதான். ஆனா காப்பி உண்டா?"

"சைமியோட ரொட்டி உண்டு."

"அப்ப வர்றேன்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அது ஏற முடியாமல் நின்றால், திங்கட்கிழமை நானே உன்னைக் காரில் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போடுகிற இடத்தில் விடுகிறேன். சாமான்களை டிப்பரில் இழுத்துக் கொடுக்கிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

உன் அண்ணன்
உர்ஹோ


கீழ் வீடு
செப்டம்பர் 15

என் அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்று திங்கட்கிழமை. நான் ஹான்காக்குக்குப் போகவில்லை. இப்படி உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சைமி உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டு உருளைக்கிழங்கு உரிக்கிறாள். சுருதி சேரவில்லை, நிறுத்தச் சொல்ல மனமில்லை.

சனிக்கிழமை நீங்கள் வளைவிலேயே நின்றுவிட்டீர்கள், நான் மேலே வாசலில் நின்றேன். அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். முதலில் சத்தம்தான் வந்தது. பாலத்தின் பலகைகள் ஒவ்வொன்றாகத் தடதடத்தன. பிறகு வளைவில் எஞ்சின் உறுமி, ஜல்லி நொறுங்குகிற சத்தம், ஒரு கணம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஒரு கணத்தில் நான் சாமான் கட்டி, வீட்டைப் பூட்டி, சாவியை யாரிடமோ கொடுத்தாயிற்று. அப்புறம் மரங்களுக்கு நடுவில் வெள்ளையாக அதன் நெற்றி தெரிந்தது. ஏறி வந்தது அண்ணா. ஏறி வந்து என் முற்றத்தில் திரும்பி, முகத்தைப் பாதைப் பக்கம் வைத்து நின்றது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

டோரீன் இறங்கி, "ஏழு நிமிஷம், பெரிய ரோட்டுலேர்ந்து. எழுதிக்கிறேன்" என்றாள். சைமி நேரே பின்பக்கம் போய், "கதவைத் திற, பாக்கலாம்" என்றாள். ஏறி அந்தப் படுக்கையில் உட்கார்ந்து, தட்டிப் பார்த்தாள். "மெத்தை நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னிக்கு வேணாம்" என்று இறங்கிவிட்டாள். டோரீன் சிரித்த சிரிப்பில் ரொட்டி புரைக்கேறியது. நீங்கள் அதற்குள் மேலே வந்து சேர்ந்திருந்தீர்கள், ஆனால் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அவர்கள் போன பிறகு சைமியிடம், "திங்கட்கிழமைக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டேன்.

"இதை என்னைக் கேக்க உங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு" என்றாள். "அண்ணனும் தம்பியும் என் நெஞ்சைப் பத்தி அவ்வளவு காகிதம் எழுதினீங்க, ஒரு காகிதம் எனக்கு வரலை. எனக்குச் சாகப் பயமில்லை. அன்னிக்குப் பலகையில படுத்துக்கிட்டு, இவங்க ரெண்டு பேர்ல எவன் கால் வழுக்கப் போகுதோன்னு பயந்தேன் பாருங்க, அது ஒண்ணுதான் பயம். இனி அது இல்லை. நான் எங்கயும் வரலை. லிஃப்டுல நீங்க வேணா தனியாப் போய் ஏறி இறங்குங்க."

மேலாளருக்கு இன்று காலை போன் செய்தேன். காலுமெட்டிலிருந்து ஒரு அம்மா அந்த அறைக்காகக் காத்திருக்கிறார்களாம், சந்தோஷப்படுவார்கள் என்றார். பனி தள்ளும் வண்டிக்காரரும் நேற்று வந்து பாதையை நடந்து பார்த்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள். ஆகவே வேறு ஒன்று எழுதுகிறேன். நேற்று சைமி இருமினாள். அவள் போர்வையை இழுத்துவிட்டுவிட்டு நான் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

என்றும் உங்கள் தம்பி
ஒன்னி


மேல் வீடு
செப்டம்பர் 16

அன்புள்ள தம்பி ஒன்னிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன். கண்ணாடி சரியில்லாததால் மறுபடி படித்தேன்.

நீங்கள் இருப்பது சைமியின் முடிவு, அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. சொல்ல வேண்டியது என்னவோ அதை அவளிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன். நான் பதில் சொல்லி முடிக்கும்வரை அவளை வாசலில் நிற்கச் சொல்.

ஒரு குறை உண்டு. டோரீன் நன்றாகத்தான் ஓட்டினாள். ஆனால் வளைவில் அகலமாகத் திருப்பியதில் சக்கரத் தடம் ஜல்லியில் ஆழமாகப் பதிந்துவிட்டது. பாதை என்றால் சமமாக இருக்க வேண்டும். இன்று காலை பல்வாரியை எடுத்துக்கொண்டு போனேன். பாலத்திலிருந்து ஆரம்பித்தேன். உன் கார் போட்ட கோடு, பனி தள்ளுகிறவர் காலடி, என் பைக்கின் தடம், எல்லாவற்றையும் வாரிச் சமன் செய்துகொண்டே வளைவுக்கு வந்தேன்.

அங்கே ஆம்புலன்ஸின் இரண்டு தடமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறது. ஒன்று வெறும் வண்டி ஏறிப் போனது. இன்னொன்று வெறும் வண்டி இறங்கிப் போனது. கொஞ்ச நேரம் வாரியை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நீயும் கை வைக்காதே. மழை பெய்தால் தானாகப் போகும். அவசரம் ஒன்றும் இல்லை.

உன் அண்ணன்
உர்ஹோ